கிளைப் பலகைக்கு மின்னெழுச்சிக் காப்பு: கொல்லிமலைக் குடியானவர்கள் கவனிக்க வேண்டியவை

கொல்லிமலையில் காப்பிப் பழம் சிவந்து வரும் காலமும், வடகீழ்ப் பருவத்தின் இடிமழைக் காலமும் ஒன்றையொன்று ஒட்டியே வருகின்றன. பறித்த பழத்தை அன்றன்றே பல்பரில் இட்டுத் தோல் நீக்காவிடில் அது குவியலிலேயே புளித்து, கொட்டையின் மணமும் விலையும் கெட்டுவிடும் என்பது காப்பி பயிரிடுவோர் யாவரும் அறிந்ததே. அப்படிப்பட்ட தருணத்தில் முன்னிரவு இடித்த இடியில் பல்பரின் மோட்டார் கருகிப்போயிற்று என்று வைத்துக்கொள்வோம். அதைக் கழற்றி, 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து காரவள்ளிக்கு இறக்கி, சேந்தமங்கலத்திலோ நாமக்கல்லிலோ காயில் கட்டி மீண்டும் மலையேற்றுவதற்குள் எத்தனை கூடைப் பழம் வீணாகும் என்பதைக் குடியானவரே கணக்கிட்டுக் கொள்ளலாம். மோட்டாரின் செலவு அந்த நஷ்டத்தில் ஒரு பகுதியே.

மின்சாரக் கம்பியைப் பற்றி விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். ஏரும் கமலையும் இருந்த இடத்தில் மோட்டார் வந்துவிட்டது. 1932-ஆம் வருஷம் பைக்காராவிலும் 1937-ஆம் வருஷம் மேட்டூரிலும் நீர்மின் நிலையங்கள் வேலை தொடங்கிய நாள் முதல், இந்நாட்டில் மின்சாரமும் பாசனமும் கைகோத்தே வளர்ந்திருக்கின்றன. கொல்லிமலையிலோ நீர் இறைப்பதோடு அது நிற்கவில்லை. சாமையும் தினையும் உரலில் குத்திப் பெண்மக்கள் தோள் நொந்தது போய், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் இம்மலையில் செய்த வேலையின் பயனாகச் சிறுதானிய உமி நீக்கும் இயந்திரங்களும் ஊர்களுக்கு வந்தன. ஆகையால் இயந்திரத்தைக் காப்பதும் இப்பொழுது பயிர்த்தொழிலைச் சேர்ந்ததேயாகும்.

முன்பு ஒரு வீட்டிற்கு இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் போதுமானதாக இருந்தன. மீட்டருக்கு அருகில் ஒரு மெயின் சுவிட்சு, ஒரு ஃபியூஸ், அவ்வளவே. இப்பொழுது வீட்டில் மிக்ஸி, தொலைக்காட்சி, குளிர்பதனப் பெட்டி. தோட்டத்துக் கொட்டகையில் பல்பர், மிளகு உதிர்க்கும் இயந்திரம், போர்வெல் மோட்டாரின் ஸ்டார்ட்டர். ஆகவே வீட்டு மெயின் பலகையிலிருந்து ஓர் ஒயரை இழுத்துக் கொட்டகையில் வேறொரு பலகை வைத்துக்கொள்கிறார்கள். எலக்ட்ரீஷியன்கள் இதைச் சப் போர்டு என்றும் டி.பி. பெட்டி என்றும் சொல்லுவார்கள். இக்கட்டுரையில் இதைக் கிளைப் பலகை என்று குறிப்பிடுவோம். இதை வைக்கும்போது ஒயரின் கனத்தையும் எம்.சி.பி.யின் அளவையும் விசாரிக்காதவர் இல்லை. மின்னலால் வரும் எழுச்சியைப் பற்றி விசாரிப்பவரோ மிகச் சிலர்.

பிற தேசங்களில் இது இப்பொழுது விருப்பத்தைப் பொறுத்த காரியமாக விடப்படவில்லை. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தேசிய மின்விதித் தொகுப்பு, குடியிருக்கும் வீடுகளின் மின் இணைப்பில் எழுச்சித் தடுப்பான் இருக்கவேண்டுமென 2020-ஆம் வருஷப் பதிப்பில் கட்டளையிட்டு, 2023-ஆம் வருஷப் பதிப்பில் அதை வீட்டிற்குச் செல்லும் கிளை ஊட்டுகளுக்கும் விரித்தது. நமது தேசத்தில் மின்னலிலிருந்து கட்டடங்களையும் அவற்றிலுள்ள கருவிகளையும் காப்பதற்கு ஐ.எஸ். / ஐ.இ.சி. 62305 என்ற தரநூலும், வீட்டு ஒயரிங்கிற்கு ஐ.எஸ். 732 என்பதும், எர்த் அமைப்பதற்கு ஐ.எஸ். 3043 என்பதும் இருக்கின்றன. ஆனால் புத்தகத்தில் உள்ளது தேவனூர் நாட்டுக் கொட்டகையின் சுவருக்குத் தானாக வந்து சேராது.

எழுச்சி என்பது யாது?

இடி வீட்டின் மேலேயே விழுந்தால்தான் சேதம் என்று நினைப்பது தவறு. அடுத்த குன்றில் விழுந்த மின்னலும் அருகில் செல்லும் கம்பியில் திடீரென்று பல ஆயிரம் வோல்ட் அழுத்தத்தை எழுப்பக்கூடும். கொல்லிமலையில் வீடுகள் நெருங்கிய தெருக்களாக இல்லாமல் நாடு நாடாகவும், சிற்றூர் சிற்றூராகவும், காட்டுக்கு நடுவிலும் சிதறிக் கிடப்பதால், கம்பங்கள் மேட்டிலும் சரிவிலும் நெடுந்தூரம் ஏறி இறங்கிச் செல்கின்றன. அவ்வளவு நீளமும் எழுச்சியை ஏந்தும் வலையேயாகும்.

இந்த எழுச்சி நீடிக்கும் நேரம் மிகக் குறைவு. ஒரு விநாடியைப் பத்து லட்சம் கூறு செய்தால், அவற்றுள் சில பத்துக் கூறுகளிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். எம்.சி.பி.யோ ஆர்.சி.சி.பி.யோ விழுவதற்கு விநாடியின் ஆயிரத்திலொரு கூறுகள் சிலவாவது வேண்டும். அவை விழுவதற்கு முன்பே மோட்டாரின் காயிலில் பூசிய வார்னிஷ் துளைபட்டுவிடும். "நல்ல கம்பெனி எம்.சி.பி. போட்டிருக்கிறேன், இடிக்கு என்ன பயம்?" என்பவர்கள் இதை மனத்தில் கொள்ளவேண்டும். மிகைச்சுமைக்கும் ஷார்ட்டுக்கும் ஏற்பட்ட காவலன் எம்.சி.பி.; எர்த் கசிவிலிருந்து மனிதனைக் காப்பது ஆர்.சி.சி.பி. எழுச்சிக்குக் காவல் வேறு.

அக்காவலுக்கு எழுச்சித் தடுப்பான் என்று பெயர். கடைகளில் எஸ்.பி.டி. என்று கேட்டால் கொடுப்பார்கள். ஏரிக்குக் கலுங்கு எப்படியோ அப்படியே மின்பலகைக்கு இது. தண்ணீர் மட்டத்திற்குள் இருக்கும்வரை கலுங்கில் ஒரு சொட்டும் வழியாது. மட்டம் மீறினால் மிகுதி மட்டும் வழிந்து கரை தப்பும். தடுப்பானின் உள்ளே இருப்பது பெரும்பாலும் துத்தநாக ஆக்சைடைச் சுட்டு வனைந்த வில்லையாகும். 1960-களின் பிற்பகுதியில் ஜப்பானில் மட்சுஷிடா கம்பெனியைச் சேர்ந்த மிச்சியோ மட்சுவோகா என்பவர் இதன் குணத்தைக் கண்டறிந்தார். சாதாரண அழுத்தத்தில் அது மின்சாரத்தை விடாது; அழுத்தம் மீறினால் கணத்தில் வழிவிட்டு எர்த்துக்குத் தள்ளி, மறுகணம் மீண்டும் மூடிக்கொள்ளும்.

கலுங்கு கட்டியவன் வாய்க்காலையும் வெட்டவேண்டும். வாய்க்கால் தூர்ந்திருந்தால் கலுங்கு இருந்தும் கரை உடையும். கொல்லிமலையில் நான் கண்ட குறை பெரும்பாலும் கலுங்கில் இல்லை, வாய்க்காலில்தான்.

அரை மீட்டர் கணக்கு

மின்னல் எழுச்சி ஒயரில் ஓடும்போது ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுமார் 1,000 வோல்ட் நின்றுவிடும் என்று பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஒயர் எவ்வளவு கனமாயினும் இது பெரிதும் குறையாது. இப்பொழுது கணக்கைப் பாருங்கள். 230 வோல்ட் வீட்டுச் சாமான்கள் பொதுவாக 2,500 வோல்ட் எழுச்சி வரையில் தாங்கும்படி செய்யப்படுகின்றன. தடுப்பான் 1,500 வோல்ட்டில் அழுத்தத்தை நிறுத்தும் ஜாதி என்று கொள்வோம். அதைப் பலகையிலிருந்து எட்டச் சுவரில் மாட்டி, ஃபேஸுக்கு ஒரு மீட்டரும் எர்த்துக்கு ஒரு மீட்டரும் ஒயர் விட்டால், 1,500-உம் 2,000-உம் சேர்ந்து 3,500 வோல்ட் குளிர்பதனப் பெட்டியின் மேல் பாயும். தடுப்பான் பழுதின்றி இருக்கும், பெட்டி போய்விடும். இரு பக்கத்து ஒயரும் சேர்ந்து அரை மீட்டருக்குள் இருந்தால் 2,000 வோல்ட்டோடு நிற்கும், சாமான் தப்பும். அரை மீட்டருக்கு மேற்படக் கூடாது என்று உலகத் தரநூல்கள் விதித்திருப்பதன் காரணம் இதுவே. ஆகவே தடுப்பானைப் பலகைக்கு உள்ளேயே, எர்த் பட்டைக்குப் பக்கத்திலேயே மாட்டவேண்டும். அழகுக்காக ஒயரைச் சுருட்டிவைப்பதும் கூடாது.

மெயின் பலகையில் ஒன்று போதாதா?

இதுவே பலரும் கேட்கும் கேள்வி. போதாது. தடுப்பானுக்கும் கருவிக்கும் இடையே ஒயரின் நீளம் 10 மீட்டருக்கு மேற்பட்டால், மெயினில் அடக்கப்பட்ட அழுத்தம் ஒயரின் கோடியில் மோதித் திரும்பி, ஏறக்குறைய இரட்டிப்பாகவும் கூடும். வீட்டிலிருந்து 60 அடி தள்ளியுள்ள கொட்டகை இந்த எல்லையைத் தாண்டிவிட்டது. அன்றியும், வீட்டிற்கும் கொட்டகைக்கும் இடையே ஒயரை ஆகாயத்தில் இழுத்திருந்தால், அந்த 60 அடியே புதிதாக எழுச்சியை ஏந்திக்கொள்ளும். அதற்கு மெயின் பலகையிலுள்ள காவலன் என்ன செய்வான்? மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களையே கம்பமாக்கி ஒயரைக் கட்டி இழுக்கும் வழக்கமும் உண்டு. உயர்ந்த மரம் இடியை அழைக்கும். காற்றில் ஆடும் மரம் ஒயரின் தோலைத் தேய்க்கும். இவ்வழக்கத்தை இன்றே விட்டுவிடுவது நலம். கவசமுள்ள கேபிளைப் பூமிக்கடியில் புதைத்துக் கொண்டுபோவதே சிலாக்கியம். அப்பொழுதும் 10 மீட்டருக்கு மேற்பட்டால் கிளைப் பலகையில் இரண்டாம் தடுப்பான் வேண்டும்.

தடுப்பான்களில் வகையுண்டு. வீட்டின் மேல் இடிதாங்கி நாட்டியிருந்தால், மின்னலின் ஒரு பங்கையே நேரில் சுமக்கவல்ல முதல் வகை மெயின் பலகையில் இருக்கவேண்டும். ஊருக்கு முடிவில், மேட்டில், திறந்த கம்பியிலிருந்து சர்வீஸ் எடுத்த வீட்டிற்கும் முதல் வகையும் இரண்டாம் வகையும் கூடிய தடுப்பானே உசிதம். கிளைப் பலகைக்கு இரண்டாம் வகை போதும். எந்நேரமும் தாங்கும் வோல்ட் என்று அதன் முகத்தில் குறித்திருப்பதைப் பார்த்து வாங்குங்கள். நாட்டுப்புறக் கம்பியில் வோல்ட் ஏறியிறங்குவதால் 275-ஐவிட 320 அல்லது 385 என்று குறித்ததே நீடித்து உழைக்கும். மூன்று ஃபேஸ் பலகைக்கு நான்கு கால் உள்ளதும், ஒரு ஃபேஸ் பலகைக்கு இரண்டு கால் உள்ளதும் வாங்கவேண்டும். நம் நாட்டுப்புறத்தில் ஒவ்வொரு வீடும் தன் சொந்த எர்த்தையே நம்பியிருப்பதால், ஃபேஸ்கள் நியூட்ரலோடும், நியூட்ரல் மட்டும் ஒரு தீப்பொறி இடைவெளியின் வழியாக எர்த்தோடும் சேரும் '3+1' அமைப்பையே கேட்டு வாங்குதல் தகும். இதை ஆர்.சி.சி.பி.க்கு முன்னால் மாட்டலாம். அப்படி மாட்டினால் ஒவ்வொரு இடிக்கும் ஆர்.சி.சி.பி. விழுந்து வீடு இருளடைவது பெரிதும் குறையும். தடுப்பானுக்கு எர்த் ஒயர் 6 சதுர மில்லிமீட்டர் செம்புக்குக் குறையக்கூடாது. முதல் வகைக்கு 16.

இரண்டு எர்த் இரண்டு எஜமானர்

இனிச் சொல்லப்போவது எல்லாவற்றிலும் முக்கியமானது. வீட்டிற்கு ஓர் எர்த் குழி இருக்கிறது. கொட்டகைக்குப் பலகை வைத்தவுடன் அங்கே தனியாக இன்னொரு குழி தோண்டி, கிளைப் பலகையை அதனோடு மட்டும் சேர்த்துவிடுகிறார்கள். வீட்டு எர்த்திலிருந்து கொட்டகைக்கு ஒயர் போவதில்லை. பார்வைக்கு இது இரட்டைப் பாதுகாப்பாகத் தோன்றும். உண்மையில் மோட்டார்கள் கருகுவதற்கு இதைவிட நேரான வழியில்லை.

கொட்டகைக்கு அருகில் மின்னல் விழுந்து, அதில் 10,000 ஆம்பியர் கொட்டகையின் எர்த் குழியில் இறங்கிற்று என்று கொள்வோம். குழியின் தடை 10 ஓம் ஆனால், அவ்விடத்து எர்த்தே 1,00,000 வோல்ட்டுக்கு உயர்ந்து நிற்கும். பாறை மேலெழுந்த இடத்தில் தடை 50 ஓம் என்றால் 5,00,000 வோல்ட். அதே கணத்தில் வீட்டிலிருந்து வரும் ஃபேஸும் நியூட்ரலும் வீட்டு எர்த்தின் மட்டத்திலேயே இருக்கும். இந்த வித்தியாசமெல்லாம் எங்கே போய் நிற்கும்? மோட்டாரின் இரும்புக் கூட்டிற்கும் அதன் காயிலுக்கும் இடையே உள்ள ஒரு தாள் கனத்தில். அது தாங்குமா?

ஆகையால் வீட்டு மெயின் பலகையின் எர்த் பட்டையிலிருந்து, ஃபேஸ் நியூட்ரல் ஒயர்களோடு சேர்ந்தே ஓர் எர்த் ஒயர் கிளைப் பலகைக்குப் போகவேண்டும். கொட்டகையில் தனிக் குழியும் இருக்கட்டும், அது நல்லதே; ஆனால் அதுவும் அந்த ஒரே எர்த் பட்டையில் வந்து சேரவேண்டும். இடிதாங்கி இருந்தால் அதன் எர்த்தும், டிஷ் கேபிளின் உறையும், இரும்புத் தண்ணீர்க் குழாயும் அப்படியே. எல்லாம் ஒன்றாக உயர்ந்து ஒன்றாகத் தாழுமானால் இடையில் வித்தியாசம் குறைந்து, கருவி பிழைக்கும். மலைப்பாறையில் எர்த்தின் தடையைக் குறைப்பது கஷ்டம்; எர்த்துகளை ஒன்றாகப் பிணைப்பது கஷ்டமல்ல. முதலாவதற்காக ஏங்கி இரண்டாவதை விட்டுவிடாதீர்கள்.

ஆனால் நியூட்ரலையும் எர்த்தையும் கிளைப் பலகையில் ஒன்றாக முடியவே கூடாது. எர்த் சரியில்லாத இடங்களில் சில வயர்மேன்கள் இதைச் சுலபமான யுக்தியாகச் செய்வதுண்டு. வெளிக்கம்பியில் நியூட்ரல் அறுந்தால், பல்பரின் இரும்புக் கூடே உயிர்க்கம்பியாகிவிடும். ஈரத்தரையில் வெறுங்காலோடு நின்று பழம் கொட்டுகிறவர்கள் நம் வீட்டுப் பெண்மக்கள் என்பதை மறக்கலாகாது.

எர்த் குழிக்குத் தரநூல் சொல்லுவது, 38 மில்லிமீட்டருக்குக் குறையாத உள்விட்டமுள்ள நாகம் பூசிய இரும்புக் குழாய், குறைந்தது 2.5 மீட்டர் நீளம். செம்மண் ஆழமாக உள்ள இடத்தில் இது எளிது. மூன்றடியில் பாறை தட்டும் இடத்திலோ, குழாயை அறுத்துக் குட்டையாக நட்டுவிடுகிறார்கள். அதற்குப் பதில், அரை மீட்டர் ஆழத்தில் 15 மீட்டர் நீளத்திற்கு நாகம் பூசிய இரும்புப் பட்டையைப் படுக்கையாகப் புதைக்கலாம். வாழைக்குப் பாயும் வாய்க்காலின் ஓரம் அல்லது அடுக்களைத் தண்ணீர் போகும் பக்கம் இதற்கேற்ற ஈரமான இடம். உப்பும் கரியும் இடுவது தடையைக் குறைக்கும் என்பது மெய்; உப்பு இரும்பைத் தின்னும் என்பதும் மெய். ஆகையால் உப்பிட்ட குழியைச் சில வருஷங்களுக்கொருமுறை தோண்டிப் பார்க்கவேண்டும்.

தடுப்பானால் ஆகாதவை

நியூட்ரல் அறுந்தால் ஒரு ஃபேஸ் வீட்டில் 400 வோல்ட் வரையில் ஏறி, விளக்குகள் கண் கூசும்படி எரியும். இது மின்னல் எழுச்சி போல் கண நேரத்தில் போவதன்று. நிமிஷக் கணக்கில் நிற்கும். கலுங்கினால் ஒரு வெள்ளத்தை விடமுடியும், ஆற்றையே திருப்பி விட்டால் அது என்ன செய்யும்? தடுப்பான் சூடேறி எரிந்துபோகும். இதற்கு வோல்ட் மிகுந்தால் தானே அணைக்கும் கட்-ஆஃப் கருவியைத் தனியாக வைக்கவேண்டும். சூடேறினால் தானே கழன்றுகொள்ளும் அமைப்பில்லாத மலிவான தடுப்பானை மரச்சுவரிலோ ஓலைக் கொட்டகையிலோ மாட்டுவது நெருப்பை விலை கொடுத்து வாங்குவதாகும். தடுப்பானுக்கு முன்னால் அதைச் செய்தவர் குறித்த அளவில் ஃபியூஸ் இருக்கவேண்டும்.

தடுப்பான் சாமானைக் காக்கும். வயலில் நிற்கும் ஆளைக் காக்காது. 2022-ஆம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் 2,887 பேர் மின்னலால் மாண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குக் கூறுகிறது. இடி முழங்கும்போது அர்ச்சுனன் பேரைச் சொல்லுவது நம் பெரியோர் வழக்கம். சொல்லிக்கொண்டே மரத்தடியை விட்டு வீட்டிற்குள் போய்விடுவது நல்லது. புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தார் ஏற்படுத்திய 'தாமினி' என்னும் கைப்பேசிச் செயலி, அருகில் மின்னல் விழுவதைத் தெரிவிக்கிறது. செம்மேட்டிலும் சோளக்காட்டிலும் கைப்பேசி எடுக்கும் இடங்களில் இது பிரயோஜனப்படும். இடி நெருங்கிவிட்ட பின் பலகையில் கைவைத்து மெயினை அணைக்கப் போகவேண்டாம். வானம் கறுக்கும்போதே பிளக்குகளைக் கழற்றிவிடுங்கள்.

கிராம அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் ஒன்று கவனிக்கவேண்டும். குடிநீர்த் தொட்டியின் மோட்டார் அறை, பள்ளிக்கூடம், உமி நீக்கும் இயந்திரக் கூடம் ஆகியவற்றிற்குக் கிளைப் பலகை வைக்கும் வேலைக்கு மதிப்பீடு தயாராகும்போது, தடுப்பானும் எர்த் பிணைப்பு ஒயரும் அதில் தனி இனமாக எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்திடவேண்டும். பின்னால் சேர்ப்பதற்குப் பணம் ஒருபோதும் கிடைப்பதில்லை. வேலையை லைசென்சு பெற்ற மின் ஒப்பந்தக்காரரிடமே ஒப்படைத்து, எர்த்தின் தடையை அளந்து எழுதி வாங்கவேண்டும். கூடுதல் சுமைக்கு மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் அனுமதி பெறுவதும், வீட்டு இணைப்பிலிருந்து கூலிக்கு அரைக்கும் இயந்திரத்தை ஓட்டலாமா என்று அங்கேயே விசாரித்துக்கொள்வதும் பிற்பாடு தகராறைத் தவிர்க்கும்.

மாட்டிய பிறகு மறந்துவிடுவதற்கில்லை. தடுப்பானின் முகத்தில் ஒரு சிறு கண்ணாடி உண்டு. அது பச்சையாக இருக்கும்வரை காவல் இருக்கிறது, சிவந்துவிட்டால் உள்ளிருக்கும் வில்லை உயிர் விட்டது. மின்சாரமோ வழக்கம் போல் வந்துகொண்டிருக்கும், ஆகையால் பார்த்தாலன்றித் தெரியாது. சித்திரை மாத இடிமழைக்கு முன் ஒருமுறையும், புரட்டாசியில் ஒருமுறையும், பக்கத்தில் பெரிய இடி விழுந்த மறுநாளும் இதைப் பார்க்கவேண்டும். பல ஜாதிகளில் வில்லைத் துண்டை மட்டும் உருவி மாற்றலாம். உபரியாக ஒன்றை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டால், பறிப்புக் காலத்தில் மலையிறங்க வேண்டியதில்லை.